கேள்விக்குறிக்குப் பிறகு வில்லிபுத்தூர்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்று எழுத எட்டெழுத்து போதும்: ஸ்ரீ, வி, ல், லி, பு, த், தூ, ர். அதே பெயரை ஓர் இணைய முகவரியின் வாலில் வைத்து அனுப்பினால் 162 குறிகளாக நீண்டுவிடுகிறது. வாட்ஸாப்பில் யாரோ அனுப்பிய இணைப்பில் விழுக்காட்டுக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக நாலைந்து வரிக்கு ஓடும் சரத்தைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அதற்குள் இப்படி ஒரு தமிழ்ப் பெயர்தான் ஒடுங்கிக் கிடக்கும். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றுக்கு எல்லை 160 எழுத்து. ஆண்டாள் ஊரின் பெயர் மட்டுமே அந்த எல்லையை இரண்டால் தாண்டிவிடுகிறது.

நீண்டு கிடப்பதை அவிழ்த்து மறுபடி எட்டெழுத்தாக்கிப் பக்கத்தில் காட்டுவது ஜாவாஸ்கிரிப்டுக்கு இரண்டு மூன்று வரி வேலை. அவிழ்த்த பிறகுதான் சிக்கல். ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்பார், இன்னொருவர் திருவில்லிபுத்தூர் என்பார், பக்கத்து ஊர்க்காரர் வெறும் வில்லிபுத்தூர் என்பார், செய்தித்தாள் தலைப்பு ‘ஸ்ரீவி.’ என்று முடித்துக்கொள்ளும். நமக்கு நான்கும் ஒரே ஊர். கணினிக்கு நான்கும் வேறு வேறு சரங்கள். இவற்றில் எது பெயர், எது பெயருக்குச் சூட்டிய மரியாதை என்று நிரல் எழுதுகிறவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். அதைப் பிரிக்க இலக்கணமும் கல்வெட்டு வழக்கும் ஆங்கிலேயர் கால எழுத்துக்கூட்டலும் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

வில்லியும் புத்தூரும்

வில்லி என்றால் வில்லைக் கையில் கொண்டவன். தலபுராணம் சொல்லும் கதையில் மல்லி என்ற அரசிக்கு வில்லி, கண்டன் என்று இரண்டு பிள்ளைகள். வேட்டைக்குப் போன கண்டனைப் புலி அடித்துவிடுகிறது. தம்பியைத் தேடிப் போன வில்லி களைத்து உறங்கும்போது பெருமாள் கனவில் வந்து நடந்ததைச் சொல்லி, ஆலமரத்தடியில் தமக்குக் கோயில் எழுப்பச் சொல்கிறார். வில்லி காடு திருத்தி ஊர் அமைக்கிறான். கோயில் மூலவருக்கு வடபத்ரசாயி என்று பெயர். ஆலிலையில் பள்ளிகொண்டவர் என்பது பொருள். கதையை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். மல்லியின் பெயர் மட்டும் அழியவில்லை. பழைய நாட்டுப் பிரிவுக்கு மல்லி நாடு என்றே பெயர். சிவகாசி போகும் சாலையில் இன்றும் மல்லி என்று ஓர் ஊர் இருக்கிறது.

புத்தூருக்கு இரண்டு வழியாகப் பொருள் சொல்லலாம். பேச்சுத்தமிழில் புற்று புத்து ஆகிறது. ஆகவே புற்று இருந்த ஊர் புத்தூர் என்பது ஒரு வழி. புதிய ஊர் என்பது மற்றது. இலக்கணம் இரண்டாவதற்கு நேராகத் துணை நிற்கிறது. சிறுமையும் ஊரும் சேர்ந்தால் சிற்றூர். வெறுமையும் இலையும் சேர்ந்தால் வெற்றிலை. அதே கணக்கில் புதுமையும் ஊரும் சேர்ந்து நடு ஒற்று இரட்டித்தால் புத்தூர். புத்தாண்டும் புத்துயிரும் புத்தாடையும் இப்படி வந்தவைதாம்.

இலக்கணத்தைவிட வலுவான சாட்சி ஊர்க்காரர்களிடமே இருக்கிறது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் பதிகத்தின் முத்திரைப் பாசுரங்களில் தங்கள் ஊரைப் பொறித்துவைத்திருக்கிறார்கள். அங்கே வில்லிபுத்தூர் வருகிறது. புதுவை என்ற சுருக்கமும் வருகிறது. தஞ்சாவூர் தஞ்சையாகவும் கோயம்புத்தூர் கோவையாகவும் சுருங்கியதுபோல் புத்தூர் புதுவையாயிற்று. புற்றை நினைத்துச் சுருக்கியிருந்தால் அங்கே ‘புது’ வந்திருக்காது. ஊரின் புகழ்பெற்ற மகள் அதைப் புதிய ஊராகவே கேட்டிருக்கிறாள் என்பது இதிலிருந்து தெரிகிறது. இன்று புதுவை என்று தேடினால் கணினி நம்மைக் கடலோரம் புதுச்சேரிக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

பெயர் ஊரோடு நிற்கவும் இல்லை. திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்த ஒரு பிள்ளைக்கு, பெரியாழ்வாரை எண்ணி, வில்லிபுத்தூரார் என்று பெயரிட்டார்கள். அவர் தமிழில் பாடிய பாரதம் வில்லிபாரதம் ஆயிற்று. புலவரையே ‘வில்லி’ என்று சுருக்கிச் சொல்வது வழக்கமாயிற்று. ஆளிடமிருந்து ஊருக்குப் போன பெயர், ஊரிடமிருந்து மறுபடி ஓர் ஆளுக்கு வந்து, அங்கிருந்து ஒரு நூலுக்குப் போயிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் சினிமா வந்து, வில்லனுக்குப் பெண்பாலாக இன்னொரு வில்லியை உண்டாக்கிவிட்டது. அந்த வில்லிக்கும் வில்லுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

திரு, சீ, ஸ்ரீ

இத்தனை பயணத்திலும் வில்லி, புத்தூர் என்ற இரண்டு சொற்களும் அசையவில்லை. அசைந்ததெல்லாம் அவற்றின் முன்னால் நிற்பதுதான்.

வடசொல் தமிழுக்குள் வரும்போது வடவெழுத்தைக் கழித்துவிட்டுத் தமிழெழுத்தால் எழுத வேண்டும் என்பது தொல்காப்பியம் காட்டும் வழி. அந்த வழியில் ஸ்ரீ, சீ ஆகும். ஸ்ரீதரன் சீதரன் ஆனான். ஸ்ரீரங்கம் பேச்சில் சீரங்கம் ஆனது. ஒலியை விட்டுப் பொருளைப் பிடித்தால் ஸ்ரீ, திரு ஆகும்; திருவரங்கம், திருவைகுண்டம், திருவில்லிபுத்தூர் எல்லாம் அப்படி வந்தவை. மூன்றாவது வழி, கிரந்த எழுத்தை அப்படியே வைத்துக்கொள்வது. தமிழ்க் கல்வெட்டுகள் பல ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்ற கிரந்த மங்கலத்தோடு தொடங்குவதால், அந்த ஒற்றை எழுத்துருவம் தமிழ்க் கண்ணுக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம்.

ஆகவே ஒரே ஊருக்கு மூன்று தலைப்பாகை. நகராட்சிப் பலகையில் ஸ்ரீ, தமிழ்நடை பேணும் நூல்களில் திரு, பேச்சில் சீ. அவசரத்துக்கு எதுவுமே இல்லாத வெறும் வில்லிபுத்தூர்.

ஜாவாஸ்கிரிப்டின் பெயரும் இப்படித் தலைப்பாகை மாற்றியதுதான். 1995ஆம் ஆண்டு மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் உருவாக்கிய மொழிக்கு முதலில் மோக்கா என்று பெயர். பிறகு லைவ்ஸ்கிரிப்ட். அந்த ஆண்டு டிசம்பரில், அப்போது பெரிதாகப் பேசப்பட்ட ஜாவா மொழியின் புகழில் ஒரு பங்கு கிடைக்கட்டும் என்று ஜாவாஸ்கிரிப்ட் ஆயிற்று. ஜாவா மொழிக்கும் இதற்கும் பெயரளவு உறவுதான். 1997இல் தரப்படுத்தியபோது, ஜாவா இன்னொரு நிறுவனத்தின் வணிகப்பெயர் என்பதால், எக்மாஸ்கிரிப்ட் என்றார்கள். லைவ், ஜாவா, எக்மா எல்லாம் வந்து போயின; ஸ்கிரிப்ட் அப்படியே நின்றது. நமக்கு வில்லிபுத்தூர் நின்றதுபோல.

ஆங்கிலத்தில் ஓர் எழுத்துச் சண்டை

ஆங்கிலத்தில் பெயரின் தலையோடு சண்டை இல்லை, வாலில்தான். 1908இல் வந்த இம்பீரியல் கெஜட்டியர் இந்த ஊரைத் திருநெல்வேலி மாவட்டத்து வட்டமாகப் பதிவுசெய்து, புத்தூரின் ‘த்த்’ ஒலிக்கு இரண்டு ‘டி’ போட்டது. நெடிலுக்கு மேலே கோடு இட்டு எழுதும் அறிஞர் முறை அது. அந்த முறையில் த என்பது வெறும் டி, ட என்பது அடிப்புள்ளி இட்ட டி. புள்ளியும் கோடும் அச்சில் உதிர்ந்ததும் த எது, ட எது என்று தெரியாமல் போயிற்று. ரயில்வே இன்றும் அந்த இரட்டை டியைத்தான் வைத்திருக்கிறது. தமிழர்கள் தங்கள் பழக்கத்தில் த ஒலிக்கு ‘டி எச்’ போடுகிறவர்கள். அதனால் நகராட்சியும் கடைப் பலகைகளும் ‘டி எச்’ பக்கம் நிற்கின்றன. ரயிலில் ஏறும்போது ஓர் எழுத்துக்கூட்டல், இறங்கி ஊருக்குள் நடந்தால் இன்னொன்று.

2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஒத்தபடி மாற்றி ஆணை வெளியிட்டது. அதில் கோயம்புத்தூரின் புத்தூருக்கு ‘டி எச்’ இரண்டு முறை, ‘ஓ’ இரண்டு முறை. ஒலிக்கு நேர்மையான எழுத்து, கண்ணுக்கு வைக்கோற்போர். கேலியும் எதிர்ப்பும் கிளம்ப, சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. புத்தூர் என்ற ஒரே சொல்லுக்கு ஆங்கிலத்தில் இதோடு மூன்று வடிவம். ஆங்கில எழுத்தில் ஊரைத் தேடும் எந்தப் பக்கமும் மூன்றையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அச்சிலிருந்து குறியெண்ணுக்கு

ஈய அச்சுக்காலத்தில் ஸ்ரீ ஒரே கட்டை. கணினி வந்த தொடக்கத்திலும் அப்படித்தான். டிஸ்கி என்ற பழைய குறியேற்றத்தில் ஸ்ரீக்கு ஒரே இடம். 1999இல் வந்த தமிழ்99 விசைப்பலகையில் ஸ்ரீக்கென்று தனி விசை. எழுதுகிறவர் மனத்திலும் அது ஒரே எழுத்து.

1991இல் வெளிவந்த யூனிகோட் வேறு கணக்குப் போட்டது. மெய்க்குப் புள்ளி தனி, உயிர்க்குறி தனி என்று உடைத்தது. ‘வி’ என்பது வகரம் ஒன்று, இகரக் கொக்கி ஒன்று, ஆக இரண்டு. ஸ்ரீ என்பது ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என நான்கு. எட்டெழுத்து ஊர் 18 குறியெண்களாகிவிட்டது. ஜாவாஸ்கிரிப்டிடம் பெயரின் நீளத்தைக் கேட்டால் 18 என்றுதான் சொல்லும். திருவில்லிபுத்தூருக்கு ஒன்பது எழுத்து; அதற்கும் 18தான். எழுத்தில் ஒன்று கூடியும் குறியெண்ணில் கூடவில்லை, ஏனென்றால் தி, ரு இரண்டும் சேர்ந்தாலும் நான்குதான்.

இங்கே ஒரு பழைய பாக்கி வெளிப்பட்டது. வடமொழியில் ஸ்ரீயின் முதல் ஒலி ‘ஸ’ அன்று, தாலவ்ய ‘ஶ’. நாம் எழுதும் ஒற்றை உருவம் கிரந்தத்தில் அந்த ஶகரமும் ரீயும் பிணைந்து வந்தது. ஆனால் தொடக்க யூனிகோடில் தமிழ் ஶ இல்லை. அதனால் ஸகரத்தை வைத்துச் சமாளித்தார்கள்: ஸ, புள்ளி, ர, ஈ என்று வரிசையாகத் தட்டினால் எழுத்துரு அதை ஸ்ரீயாகச் சேர்த்துக் காட்டும். 2005 மார்ச்சில் வெளிவந்த யூனிகோட் 4.1 தமிழ் ஶவைச் சேர்த்தது. அன்றிலிருந்து ஶவில் தொடங்குவதே பொருத்தமான வரிசை என்று யூனிகோட் சொல்கிறது. பழைய வரிசையும் எங்கும் பரவிவிட்டதால் இரண்டையும் ஒன்றாகவே கருதுங்கள் என்றும் பரிந்துரைக்கிறது.

பரிந்துரையைப் படித்தவர் கருதுவார். படிக்காதவரின் நிரல் கருதாது. பல எழுத்துருக்களில் ஸ்ரீ, ஶ்ரீ இரண்டும் திரையில் அச்சு அசலாக ஒரே வடிவம். உள்ளே இரண்டு வேறு வரிசைகள். 2005க்கு முன்னால் ஒரு ஸ்ரீவில்லிபுத்தூர் இருந்தது. அதன் பிறகு, கண்ணுக்குத் தெரியாமல், இரண்டு.

வாலில் வந்த பெயர்

இணைய முகவரியில் கேள்விக்குறி பழைய வழக்கம். டிம் பெர்னர்ஸ்-லீ வலையை அமைத்த தொடக்க ஆண்டுகளிலேயே, முகவரிக்குப் பின் ? இட்டு, தேடும் சொற்களைக் கூட்டல் குறியால் கோத்து அனுப்புவது இருந்தது. படிவங்கள் வந்த பிறகு அது சாவியும் மதிப்புமாக வளர்ந்தது. ‘?ஊர்=ஸ்ரீவில்லிபுத்தூர்&மாவட்டம்=விருதுநகர்’ என்றால், சமக்குறிக்கு இடப்பக்கம் சாவி, வலப்பக்கம் மதிப்பு, இரண்டு இணைகளுக்கு நடுவே & குறி. ஒவ்வோர் இணையையும் குவெரி பாராமீட்டர் என்கிறார்கள். நிரலாளர் பேச்சில் வெறும் பாராம்.

முகவரி என்பது ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டும் தெரிந்த பழைய ஏற்பாடு. 1994 டிசம்பரில் வந்த யூ.ஆர்.எல் விதியும், 2005 ஜனவரியில் வந்த அதன் திருத்தமும் மற்ற எல்லாவற்றையும் விழுக்காட்டுக் குறியால் பொதியச் சொல்கின்றன. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் மூன்று பைட். 18 குறியெண் 54 பைட் ஆகும். ஒவ்வொரு பைட்டும் ஒரு % குறியும் இரண்டு இலக்கமுமாக எழுதப்படும். 54ஐ மூன்றால் பெருக்கினால் 162. ஸகரம் ‘%ஈ0%ஏஈ%பி8’ என்று ஆகிறது, ஶகரம் ‘%ஈ0%ஏஈ%பி6’. அதாவது 162 குறிகளில் ஒன்பதாவது இடத்தில் ஓர் எட்டு ஆறாக மாறியிருக்கும். மற்ற 161ம் ஒன்றே. அந்த ஓர் இலக்கத்துக்காக ‘ஊர் கிடைக்கவில்லை’ என்று பதில் வரும்.

பக்கத்துக்கு வந்து சேர்ந்த பெயரைக் காட்டும் வேலை எளிது. விண்டோ.லொகேஷன்.சர்ச் என்று கேட்டால் கேள்விக்குறியிலிருந்து தொடங்கும் வாலை உலாவி தரும். அதை யூஆர்எல்சர்ச்பாராம்ஸ் என்ற கருவியிடம் கொடுத்து, கெட் என்ற வினையால் ‘ஊர்’ எங்கே என்று கேட்டால், அவிழ்த்த தமிழ்ப் பெயர் கைக்கு வரும். சாவியும் தமிழாக இருக்கலாம், தடையில்லை. பல பழைய பக்கங்களில் எஸ்கேப் என்ற வினை இருக்கும். அது யூ.டி.எஃப்-8 பாராமல் குறியெண்ணை அப்படியே வேறொரு பாணியில் பொதிந்துவிடும். இன்றைய கருவிகளால் அதை அவிழ்க்க முடியாது. அதற்கு மாற்றாக என்கோடுயூஆர்ஐகம்போனன்ட் 1999இல் மொழியின் மூன்றாம் பதிப்போடு வந்துவிட்டது.

எளிய வேலையிலும் கால் இடறும் இடங்கள் உண்டு. முதலாவது, இருமுறை பொதிவது. பால்கோவாவை ஒரு முறை தாளில் மடித்தபின், தெரியாமல் இன்னொருவர் அதன்மேலேயே இன்னொரு தாள் மடித்துக் கொடுத்ததுபோல. அப்போது ஒவ்வொரு % குறியும் %25 ஆகிவிடும். 162 குறிகள் 270 ஆகும். ஒரு முறை அவிழ்த்தால் ஊர் வராது, உள்தாள்தான் வரும். பக்கத்தில் ‘%ஈ0%ஏஈ’ என்று பல்லிளிக்கும்.

இரண்டாவது, நடுவில் வெட்டுப்படுவது. எங்கோ ஒரு பெட்டியில் நூறு குறிக்குமேல் இடமில்லை என்றால் பெயர் பாதி பைட்டில் அறுந்துவிடும். யூஆர்எல்சர்ச்பாராம்ஸ் அறுந்த இடத்தில் பொருளற்ற ஒரு குறியைப் போட்டுச் சமாளிக்கும். டீகோடுயூஆர்ஐகம்போனன்ட் சமாளிக்காது, பிழை என்று நிரலையே நிறுத்திவிடும்.

மூன்றாவது, & குறி. இரண்டு ஊரையும் ஒன்றாகச் சொல்ல ‘?ஊர்=ராஜபாளையம்&ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்று கையால் தட்டிவிட்டால், ஊர் ராஜபாளையம் மட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் மதிப்பற்ற ஒரு புதுச் சாவியாக ஓரத்தில் நிற்கும். நடுவில் உள்ள & குறியை %26 என்று பொதிந்தால்தான் இரண்டு ஊரும் ஒரே மதிப்பாகச் சேர்ந்து வரும்.

நான்காவது இடறல் ஆபத்தானது. வாலில் வருவது யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பக்கூடிய ஒன்று. ஊர்ப்பெயர் வரவேண்டிய இடத்தில் ஒருவர் நிரல்துண்டு ஒன்றை வைத்து அனுப்பலாம். வந்ததை இன்னர்எச்டிஎம்எல் வழியாகப் பக்கத்தில் சொருகினால், உலாவி அதைப் பெயராகப் படிக்காது, ஆணையாகப் படித்துச் செய்துவிடும். 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் என்று பெயர் பெற்ற தாக்குதல் இதுதான். டெக்ஸ்ட்கன்டென்ட் வழியாகக் காட்டினால் எது வந்தாலும் அது வெறும் எழுத்து. ஊரின் பெயரைக் காட்டும் பக்கத்துக்கு அவ்வளவு போதும்.

கோதை ஒன்றாவாள், ஸ்ரீ ஒன்றாகாது

ஒரே தோற்றம், வேறு வரிசை என்ற சிக்கலுக்கு யூனிகோடில் மருந்தே இல்லையா என்றால், பாதி இருக்கிறது. ஆண்டாளின் இயற்பெயரான கோதையை எடுத்துக்கொள்வோம். ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். ஒரு கோதைக்கு நான்கு குறியெண், மற்றவளுக்கு ஐந்து. ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் என்ற வினை இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அவை ஒன்றே என்று யூனிகோட் அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது.

ஸ்ரீயையும் ஶ்ரீயையும் நார்மலைஸ் தொடாது. ஸ வேறு எழுத்து, ஶ வேறு எழுத்து. அவற்றை ஒன்றென்று அட்டவணையில் எழுத முடியாது. அவை ஒன்றாவது ஸ்ரீ என்ற இந்த ஒரே இடத்தில், அதுவும் நம் எழுத்துப் பழக்கத்தால். அதனால் ஒப்பிடும் முன் ஶ்ரீயை ஸ்ரீயாக்கும் ஒரு வரியை நிரலாளர் தாமாக எழுத வேண்டும். வந்ததைத் திரையில் காட்டும்போது தொட வேண்டாம். அனுப்பியவர் எப்படி எழுதினாரோ அப்படியே காட்டுவதுதான் மரியாதை. ஒப்பிடும்போது மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

சாவி எதற்கு என்பதும் இங்கே விளங்கும். ராஜபாளையம் என்று வெறுமனே தேடிப் பாருங்கள்: ஊர் ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம். பாளையக்கார நாய் என்றும் சொல்லப்படும் அந்த வெள்ளை வேட்டைநாய், 2005இல் இந்திய அஞ்சல்தலையில் ஏறியது. ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. ‘ஊர்=ராஜபாளையம்’ என்றும் ‘நாய்=ராஜபாளையம்’ என்றும் சாவி வைத்துக் கேட்டால் குழப்பமே இல்லை. ‘ஊர்=வில்லிபுத்தூர்’, ‘புலவர்=வில்லிபுத்தூரார்’ என்பதும் அப்படியே. ஆளிடமிருந்து ஊருக்கும் ஊரிடமிருந்து நூலுக்கும் நாய்க்கும் பாயும் பெயர்கள் எங்கே நிற்கின்றன என்று அந்தச் சமக்குறியின் இடப்பக்கம் சொல்லிவிடுகிறது.

ராஜபாளையத்தில் விதி மாறுகிறது

இவ்வளவும் படித்த ஒரு சுறுசுறுப்பான நிரலாளர், முன்னால் ஸ்ரீயோ திருவோ வந்தால் கழற்றிவிட்டு மீதியை ஒப்பிடலாமே என்பார். வில்லிபுத்தூருக்கு அது அருமையாகப் பொருந்தும். ஸ்ரீவைகுண்டத்துக்கும் பொருந்தும், ஸ்ரீபெரும்புதூருக்கும் பெரும்புதூர் மிஞ்சும். இதே மாவட்டத்துத் திருத்தங்கலில் வைத்துப் பாருங்கள்: ‘த்தங்கல்’ என்று மெய்யில் தொடங்கும் ஒரு சொல் மிஞ்சும். திருப்பூரில் ‘ப்பூர்’. திருவுக்குப் பின் வல்லினம் மிகும் என்ற புணர்ச்சி விதி கணினிக்குத் தெரியாது. ஸ்ரீரங்கத்தில் ஸ்ரீ போனால் ரங்கம், திருவரங்கத்தில் திரு போனால் வரங்கம். இரண்டும் அரங்கத்தில் சந்திக்கவே சந்திக்காது.

ராஜபாளையத்தில் இன்னும் ஒரு படி மேலே. விஜயநகர காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்களின் பாளையம் இது என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படும் பெயர்க்காரணம். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1952வரை இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜாவும் அப்படியே. ஆகவே இங்கே ‘ராஜ’ ஒரு பட்டமோ மரியாதையோ அன்று. குடியேறியவர்கள் யார் என்று சொல்லும் பாதிப் பெயர். கழற்றினால் மிஞ்சுவது பாளையம். படை தங்கிய இடம், குடியிருப்பு என்ற பொருளில் தமிழ்நாடு முழுக்க ஏராளமான பாளையங்கள். அவற்றில் எது இது என்று யாரும் சொல்ல முடியாது.

ராஜபாளையத்தில் மாறுவது முன்னொட்டு இல்லை, முதலெழுத்து. ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் மரபு பேணுகிறவர்கள் முன்னால் ஓர் இகரம் வைப்பார்கள்: இராஜபாளையம். கிரந்தமும் வேண்டாம் என்பவர்கள் இராசபாளையம் என்பார்கள். ராஜபாளையத்துக்கு 10 குறியெண். மற்ற இரண்டுக்கும் 11. வாலில் வைத்தால் 90 குறியும் 99 குறியும். இகரத்தைக் கழற்றலாம், ஜவைச் சவாக்கலாம், ராஜவை மட்டும் கழற்றக் கூடாது. வில்லிபுத்தூருக்கு எழுதிய விதியை அப்படியே பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே கொண்டுவந்தால் ஊரே காணாமல் போய்விடும்.

அதனால் எல்லா ஊருக்கும் ஒரே சூத்திரம் என்ற ஆசையை விட்டுவிட்டு, ஊர்தோறும் ஒரு வரி எழுதிவைப்பதே சரி. அஞ்சல் துறை 1972இல் பின்கோடு கொண்டுவந்தபோது செய்தது கிட்டத்தட்ட இதுதான்: எழுத்துக்கூட்டல் எப்படி இருந்தாலும் கடிதம் போய்ச் சேர ஓர் எண். 626125 என்ற எண்ணுக்கு எதிரே ஸ்ரீவில்லிபுத்தூர், ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீவில்லிபுத்தூர், திருவில்லிபுத்தூர், சீவில்லிபுத்தூர், வில்லிபுத்தூர், ஸ்ரீவி, ஆங்கிலத்தின் இரட்டை டி, டி எச். 626117க்கு எதிரே ராஜபாளையம், இராஜபாளையம், இராசபாளையம். வாலில் எது வந்தாலும் பட்டியலில் பார்த்து எண்ணைப் பிடி. திரையில் வந்ததை வந்தபடி காட்டு. பட்டியலில் புதுவையையும் சேர்க்கலாமா என்று கேட்டால், பாசுர உரைக்கான பக்கத்தில் சேர்க்கலாம். பஸ் டிக்கெட் விற்கும் பக்கத்தில் சேர்த்தால் பயணி புதுச்சேரியில் போய் இறங்குவார்.